விண்டோஸ் 11-க்கு மாறிய பிறகு: புதுச்சேரி, கடலூர் பகுதிச் சிறு அலுவலகங்களும் கடைகளும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இங்குள்ள கேள்விகள் கணினியை நம்பித் தொழில் நடத்தும் சிறிய இடங்களிலிருந்து வருபவை: வரிக் கணக்கர் அலுவலகம், திருமண அழைப்பிதழ் அச்சகம், ஜெராக்ஸ் கடை, மருந்துக் கடை, தமிழும் பிரெஞ்சும் தட்டச்சு செய்யும் புதுச்சேரி வீடுகள். எல்லாப் பதில்களுக்கும் அடியில் இருக்கும் நிலைப்பாடு ஒன்றே. வேலையை நிறுத்துகிற மாற்றங்களை முதல் நாளே சரிசெய்ய வேண்டும்; கண்ணை மட்டும் உறுத்துகிற மாற்றங்களை இரண்டு வாரமாவது அப்படியே விட்டுவிட வேண்டும். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: ஸ்டார்ட் பொத்தானை இடப்பக்கம் நகர்த்துவதில் முதல் நாள் போய்விடுகிறது, மின்கையொப்பம் இடுவதற்கான யு.எஸ்.பி. டோக்கன் வேலை செய்யவில்லை என்பது ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளில்தான் தெரியவருகிறது.

விண்டோஸ் 10 நன்றாகத்தானே ஓடுகிறது. மாறியே ஆக வேண்டுமா?

2015 ஜூலை 29 அன்று வெளிவந்த விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அதனால் கணினி நின்றுவிடாது. ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளுக்கான திருத்தங்கள் அதற்கு வழக்கம்போல் வருவதில்லை. வீட்டுப் பயனர்கள் மைக்ரோசாப்ட் கணக்கு வழியாகப் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் திருத்தங்களைப் பெறலாம் என்று அந்நிறுவனம் அறிவித்தது. அதைத் தள்ளிப்போடுவதற்கான அவகாசமாக எண்ணாமல், தயாராவதற்கான அவகாசமாக எடுத்துக்கொள்வது நல்லது. வங்கி வேலையும் ஜிஎஸ்டி தாக்கலும் வாடிக்கையாளர்களின் ஆதார் நகல்களும் ஒரே கணினியில் இருக்கும் அலுவலகம் மாறத்தான் வேண்டும். இணையத்தோடு இணைக்கப்படாமல் ஒரே ஓர் இயந்திரத்தை இயக்குவதற்காக மட்டும் வைத்திருக்கும் கணினியை அப்படியே விட்டுவைக்கலாம்.

எங்கள் கணினி விண்டோஸ் 11-ஐ ஏற்குமா?

குறைந்தபட்சத் தேவை 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம், செக்யூர் பூட் வசதி (கணினி எழும்போது நம்பகமான நிரல்களை மட்டும் இயங்க விடுவது), டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு ஆகியவை. செயலி இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ, ஏ.எம்.டி. என்றால் ரைசன் 2000 வரிசையோ அதற்குப் பிந்தையதோ ஆக இருக்க வேண்டும். மைக்ரோசாப்டின் பி.சி. ஹெல்த் செக் என்ற இலவச நிரல் இவற்றைச் சோதித்துச் சொல்லும். டி.பி.எம். இல்லை என்று அது சொன்னால் உடனே புதிய கணினி வாங்கக் கிளம்ப வேண்டாம், ஏனென்றால் பல கணினிகளில் அந்த வசதி இருந்தும் பயாஸ் அமைப்பில் (விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை நிரலில்) அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இன்டெல் பலகைகளில் அது பி.டி.டி. என்றும் ஏ.எம்.டி. பலகைகளில் எஃப்.டி.பி.எம். என்றும் பெயரிடப்பட்டிருக்கும்.

இந்தச் சோதனையைத் தாண்டிக் குதித்துப் பழைய கணினிகளிலும் நிறுவித் தருவதாகச் சொல்பவர்கள் உண்டு. நிறுவ முடியும் என்பது உண்மை. ஆனால் பின்னால் வரும் புதுப்பிப்புகளுக்கு எந்த உறுதியும் இல்லாத ஒரு கணினியில் ஒரு நிறுவனத்தின் கணக்குகளை வைக்கச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

எந்தக் காலத்தில் மாறுவது நல்லது?

நம் கடற்கரையில் இது அற்பமான கேள்வியன்று. மேம்படுத்தல் நடக்கும்போது கணினி பலமுறை தானாக அணைந்து இயங்கும். அந்த நேரத்தில் மின்சாரம் போனால், பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்றாலும், சில வேளைகளில் கணினி எழுந்திருக்காமலே போகக்கூடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இங்கே மின்வெட்டு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரைத் தாக்கியதற்குப் பிறகு பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது நகரமே வெள்ளத்தில் நின்றது. எனவே ஜனவரியிலிருந்து செப்டம்பருக்குள் ஒரு சனிக்கிழமை பிற்பகலைத் தேர்ந்தெடுங்கள். மாதத்தின் 10-ஆம் நாளுக்கும் 20-ஆம் நாளுக்கும் இடையே ஜிஎஸ்டி வேலை நெருக்கும் என்பதால் அந்த நாட்களையும் தவிருங்கள். மடிக்கணினி என்றால் மின்கலம் நிறைந்திருக்கட்டும். மேசைக் கணினி என்றால் யு.பி.எஸ். உண்மையிலேயே அரை மணி நேரம் தாங்குகிறதா என்று முந்தைய நாளே சோதித்துவிடுங்கள்.

மாறுவதற்கு முன் என்ன செய்து வைக்க வேண்டும்?

ஒரு தாளில், அந்தக் கணினியில் நாள்தோறும், வாரந்தோறும், மாதந்தோறும் நடக்கும் வேலைகளை எல்லாம் எழுதுங்கள். உரிமையாளர் மட்டும் எழுதினால் போதாது. கணினி முன் உட்காரும் ஊழியர்தான் எழுத வேண்டும், ஏனென்றால் எந்தப் பிரிண்டரில் எந்தத் தாள் போகும், எந்த இணையதளம் எந்த உலாவியில் மட்டும் திறக்கும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். மேம்படுத்திய பிறகு அந்தத் தாளில் உள்ள ஒவ்வொரு வேலையையும் ஒருமுறை செய்து பார்த்துக் குறியிட வேண்டும். சோதனை என்றால் இதுதான்.

அடுத்து நகல். ஆவணங்கள், படங்கள் ஆகியவற்றை எல்லோரும் நினைவில் வைக்கிறார்கள். மறந்துபோவன வேறு சில. டேலி கணக்கு நிரலின் தரவுக் கோப்புறை, அவுட்லுக் மின்னஞ்சல்களைச் சேமிக்கும் பி.எஸ்.டி. கோப்பு, உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள், விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் கோப்புறை ஆகிய நான்கையும் வெளி ஹார்ட் டிஸ்கில் எடுத்து வையுங்கள். கணினியை முழுவதும் ஃபார்மட் செய்து புதிதாக நிறுவப் போகிறீர்கள் என்றால், டேலியின் உரிமத்தை முதலில் சரண்டர் செய்துவிட்டுப் பிறகு ஃபார்மட் செய்யுங்கள். இல்லையென்றால் அதை மீண்டும் செயல்படுத்துவதற்கு வீண் அலைச்சல் ஏற்படும்.

ஸ்டார்ட் பொத்தான் நடுவில் வந்துவிட்டது. வலச்சொடுக்கினால் வரும் பட்டியலும் சுருங்கிவிட்டது. பழையபடி ஆக்க முடியுமா?

செட்டிங்ஸில் பர்சனலைசேஷன், அதில் டாஸ்க்பார், அதில் டாஸ்க்பார் பிஹேவியர்ஸ் என்ற பகுதிக்குப் போனால் பொத்தானை இடப்பக்கத்துக்குக் கொண்டுவரலாம். திறந்திருக்கும் சாளரங்கள் பெயர்களோடு தனித்தனியாகத் தெரிய வேண்டும் என்றால் அதே இடத்தில் வழி உண்டு. முதலில் இல்லாமலிருந்த அந்த வசதி 2023-இல்தான் திரும்பி வந்தது. வலச்சொடுக்கும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டால் பழைய நீண்ட பட்டியலே வரும். வெட்டுதல், நகலெடுத்தல், பெயர் மாற்றுதல் ஆகியவை புதிய பட்டியலில் படங்களாக மாறி அதன் ஓரத்தில் இருக்கின்றன என்பதைக் கவனித்தால் அந்த ஷிஃப்டும் பெரும்பாலும் தேவைப்படாது.

இதற்காக வெளியார் நிரல்களை நிறுவி முழுத் தோற்றத்தையும் விண்டோஸ் 7 போல மாற்றிக்கொள்வதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அடுத்த பெரிய புதுப்பிப்பில் அவை குழம்பும்போது குழப்பம் யாருடையது என்று கண்டுபிடிப்பதே ஒரு வேலையாகிவிடும்.

டெஸ்க்டாப்பில் இருந்த கோப்புகளைக் காணவில்லை!

பெரும்பாலும் அவை அழியவில்லை, மைக்ரோசாப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவுக்குள் போயிருக்கின்றன. மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து நிறுவல் நடக்கும்போது டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஆகிய மூன்று கோப்புறைகளையும் ஒன்டிரைவ் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள முன்வருகிறது; பலர் படிக்காமலே ஒப்புக்கொள்கிறார்கள். இலவசமாகக் கிடைக்கும் இடம் 5 ஜிபி மட்டுமே. ஓர் அச்சகத்தின் வடிவமைப்புக் கோப்புகள் அதை அரை நாளில் நிரப்பிவிடும். அதன்பின் இடம் போதவில்லை என்ற எச்சரிக்கை ஓயாமல் வரும்.

சி டிரைவில் பயனர் பெயர் கொண்ட கோப்புறைக்குள் ஒன்டிரைவ் என்ற கோப்புறையைத் திறந்து பாருங்கள். கோப்புகள் அங்கே இருந்தால், ஒன்டிரைவ் அமைப்பில் பேக்கப் என்ற பகுதிக்குச் சென்று மூன்று கோப்புறைகளுக்கான காப்பையும் நிறுத்திவிட்டு, அதன் பிறகு கோப்புகளைப் பழைய இடத்துக்கு நகர்த்துங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. இடம் போதவில்லையே என்று பதற்றத்தில் ஒன்டிரைவுக்குள்ளிருந்து கோப்புகளை நேரடியாக அழித்தால் கணினியில் உள்ள பிரதியும் சேர்ந்தே போய்விடும். அப்படி ஆகிவிட்டால் ஒன்டிரைவ் இணையதளத்தின் ரீசைக்கிள் பின்னில் தேடுங்கள்.

தமிழ்த் தட்டச்சு மாறிவிட்டது. தமிழ்99 எங்கே?

டைம் அண்ட் லாங்வேஜ் பகுதியில் தமிழைச் சேர்த்த பிறகு, அந்த மொழியின் விருப்பங்களுக்குள் சென்று விசைப்பலகைகளைப் பாருங்கள். வெறுமனே தமிழ் என்றிருப்பது, இந்திய மொழிகளுக்குப் பொதுவான இன்ஸ்கிரிப்ட் அமைப்பு. அதுவே முதலில் வந்து உட்கார்ந்துகொள்வதால்தான் எழுத்துகள் இடம் மாறியது போலத் தோன்றுகிறது. தமிழ்99, அஞ்சல் ஆகியவையும் அந்தப் பட்டியலிலேயே உள்ளன. தேவையானதைச் சேர்த்துவிட்டு மற்றதை நீக்கிவிடுங்கள். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 அமைப்புக்கு இப்போது தனி நிரல் தேவையில்லை. பழைய தட்டச்சுப் பொறி முறையில் பழகியவர்களுக்கு இந்தப் பட்டியல் போதாது, அவர்கள் என்.எச்.எம். ரைட்டர், அழகி போன்றவற்றைத் தொடர்ந்து பயன்படுத்தலாம். ஆனால் விண்டோஸின் தமிழ் விசைப்பலகையும் அந்த நிரலும் ஒரே நேரத்தில் இயங்கக் கூடாது. இரண்டும் இயங்கினால் வரும் எழுத்துக் குழப்பத்தைப் பார்த்துவிட்டு விசைப்பலகையே கெட்டுவிட்டது என்று புதிதாக வாங்கி வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் விசையை அழுத்தினால் மொழி மாறும். ஆல்ட், ஷிஃப்ட் இரண்டையும் கைதவறி அழுத்தினாலும் மாறிவிடும் என்பதால், தானாக மாறுகிறது என்று தோன்றுவதற்கு அதுவே காரணமாக இருக்கும்.

பழைய தமிழ்க் கோப்புகளைத் திறந்தால் சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்துகள் வருகின்றன. கோப்பு கெட்டுவிட்டதா?

கெடவில்லை. இந்தக் கேள்வியைச் சற்று விரிவாகப் பார்ப்பது அவசியம், ஏனென்றால் இங்கே இரண்டு வேறு சிக்கல்கள் ஒன்றாகப் பேசப்படுகின்றன.

முதலாவது, எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) முந்தைய எழுத்துருக்கள். வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் அடிக்கப்பட்ட கோப்பில் உண்மையில் இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தாம். அவற்றின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுவது எழுத்துரு. மேம்படுத்தல் மட்டும் நடந்திருந்தால் எழுத்துருக்கள் அப்படியே இருக்கும். ஃபார்மட் செய்து புதிதாக நிறுவும்போது அவை போய்விடுவதால் போர்வை விலகி உள்ளே இருப்பது தெரிகிறது. ஃபான்ட்ஸ் கோப்புறையை நகலெடுத்து வைக்கச் சொன்னது இதற்காகத்தான்: அதே எழுத்துருக் கோப்பை மீண்டும் நிறுவினால் கோப்பு பழையபடி தெரியும். அழைப்பிதழ் அச்சகங்கள் இன்னும் விடாமல் வைத்திருக்கும் பக்க வடிவமைப்பு நிரலான பேஜ்மேக்கர், 2001-இல் வந்த 7.0 பதிப்போடு நின்றுவிட்டது; அதற்கு ஒருங்குறி தெரியாது. எனவே அந்த இடங்களுக்குப் பழைய எழுத்துருக்கள் உயிர்நாடி போன்றவை. புதிய வேலைகளையாவது ஒருங்குறியில் தொடங்குங்கள் என்று சொல்வோம். பழைய வார்ப்புருக்களை எல்லாம் மாற்றச் சொல்ல மாட்டோம். தமிழ்நாடு அரசு 2010-இலேயே ஒருங்குறியைத் தரமாக ஏற்ற பின்னும் வானவில் கோப்புகள் அலுவலகங்களுக்கிடையே போய்வந்துகொண்டுதான் இருக்கின்றன. அவற்றைப் பெறுபவர் எழுத்துருவை வைத்திருப்பதோ ஓர் எழுத்துரு மாற்றியைப் பயன்படுத்துவதோதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

இரண்டாவது சிக்கல் இதனினும் நுட்பமானது. தமிழ் சரியாகத் தெரிகிறது, ஆனால் 4 பக்கமாக இருந்த மனு 5 பக்கமாகிவிட்டது என்பார்கள். அந்தக் கோப்பு லதா எழுத்துருவில் இருந்திருக்கும். விண்டோஸ் 2000 காலத்திலிருந்து உடன் வந்த லதா, விண்டோஸ் 10 முதல் கூடுதல் வசதிகளின் பட்டியலுக்குத் தள்ளப்பட்டுவிட்டது. புதிதாக நிறுவிய கணினியில் அது இல்லாதபோது நிர்மலா என்ற எழுத்துரு அந்த இடத்தை நிரப்புகிறது, எழுத்தின் அகலம் வேறுபடுவதால் வரிகள் உடைகின்றன. செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் என்று தேடி, அங்கே தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ் என்பதைச் சேர்த்தால் லதாவும் விஜயாவும் திரும்பி வரும்.

ஆங்கிலத்தில் மேற்கோள் குறி அடித்தால் உடனே வருவதில்லை. அடுத்த எழுத்தின் மேல் ஏறிக்கொள்கிறது.

புதுச்சேரியில் இது அடிக்கடி வரும் கேள்வி. வீட்டில் யாரோ பிரெஞ்சுக் கடிதம் எழுதுவதற்காக யுனைடெட் ஸ்டேட்ஸ் இன்டர்நேஷனல் என்ற விசையமைப்பைச் சேர்த்திருப்பார்கள். அந்த அமைப்பில் ஒற்றை மேற்கோள் விசை, அடுத்து வரும் எழுத்துக்காகக் காத்திருந்து அதன்மேல் அசைக்குறி போடும். பிரெஞ்சுக்கு அது மிக வசதியானது, மற்றவர்களுக்குத் தொல்லை. ஆங்கிலத்துக்கு இங்கிலிஷ் இந்தியா அமைப்பைத் தனியாக வைத்துக்கொண்டால் சிக்கல் தீரும். அந்த அமைப்பில் வலது ஆல்ட் விசையோடு 4-ஐ அழுத்தினால் ரூபாய்க் குறியும் வரும் என்பது பில் அடிப்பவர்களுக்குக் கிடைக்கும் உபரி லாபம்.

பிரிண்டர் வேலை செய்யவில்லை.

உங்கள் பழைய விண்டோஸ் 10, 32 பிட் வகையா என்று முதலில் பாருங்கள். விண்டோஸ் 11 என்பது 64 பிட்டில் மட்டுமே வருகிறது; 32 பிட்டிலிருந்து நேரடியாக மேம்படுத்தவும் முடியாது, புதிதாகத்தான் நிறுவ வேண்டும். அப்போது பழைய டிரைவர் (பிரிண்டரைக் கணினியோடு பேசவைக்கும் நிரல்) பயன்படாது என்பதால், தயாரிப்பாளரின் தளத்திலிருந்து 64 பிட் டிரைவரை மாறுவதற்கு முன்பே இறக்கி வையுங்கள். டிரைவர் சரியாக இருந்தும் தாள் வேறு பிரிண்டருக்குப் போகிறது என்றால், இயல்புப் பிரிண்டரை விண்டோஸே தேர்ந்தெடுக்கட்டும் என்ற அமைப்பை அணைத்துவிடுங்கள்.

இருபது ஆண்டுகளாக ஓடும் டாஸ் பில்லிங் நிரல் திறக்கவே இல்லை.

திறக்காது. 64 பிட் விண்டோஸில், விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்துக்கான நிரல்களும் 16 பிட் நிரல்களும் இயங்குவதில்லை. ஃபாக்ஸ்புரோ டாஸ் பதிப்பில் எழுதப்பட்ட அரிசி ஆலைக் கணக்கும் நகைக்கடைக் கணக்கும் இந்த வகையைச் சேர்ந்தவை. டாஸ்பாக்ஸ் போன்ற போலச்செய் நிரலுக்குள் பலவற்றை ஓட்டலாம் என்றாலும், அச்சிடுதலும் பலர் ஒரே நேரத்தில் நுழைவதும் அங்கே இடறும். எங்கள் கருத்து இது: பழைய நிரலைப் பழைய கணினியிலேயே, இணையமின்றி, பார்ப்பதற்காக மட்டும் வைத்துக்கொண்டு, புதிய நிதியாண்டை ஏப்ரல் 1 முதல் வேறு நிரலில் தொடங்குவதே செலவு குறைந்த வழி. அதன் டி.பி.எஃப். என்ற தரவுக் கோப்புகளை இன்றைய நிரல்களாலும் படிக்க முடியும் என்பதால் சரக்குப் பட்டியலையும் வாடிக்கையாளர் பட்டியலையும் திரும்ப அடிக்க வேண்டியிருக்காது.

மின்கையொப்ப டோக்கனும் அரசுத் தளங்களும்?

டோக்கனுக்கான டிரைவரையும், ஜிஎஸ்டி தளம் கேட்கும் கையொப்ப நிரலையும் புதிதாக நிறுவுங்கள். அதன்பின் அன்றைக்கே ஏதாவது ஓர் ஆவணத்தில் கையொப்பமிட்டுப் பாருங்கள். இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 2022 ஜூன் 15 அன்று ஓய்வு பெற்றுவிட்டது. அது இல்லாமல் திறக்காத தளங்களுக்காக எட்ஜ் உலாவியில் பழைய எக்ஸ்புளோரர் போல இயங்கும் ஐ.இ. மோட் இருக்கிறது; 2029 வரையாவது அது இருக்கும் என்று மைக்ரோசாப்ட் கூறியுள்ளது.

கணினி திடீரென்று 48 இலக்க எண் ஒன்றைக் கேட்கிறது.

அது, வட்டில் உள்ளதைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் வசதியின் மீட்பு எண். 2024-இல் வந்த 24எச்2 பதிப்பை மைக்ரோசாப்ட் கணக்கோடு புதிதாக நிறுவும்போது பல கணினிகளில் வட்டு தானாகவே மறையாக்கம் செய்யப்படுகிறது. பயாஸில் ஏதாவது மாறினால் இந்தக் கேள்வி எழும். நிறுவும்போது எந்தக் கணக்கில் நுழைந்தீர்களோ அந்த மைக்ரோசாப்ட் கணக்கின் தளத்தில் எண் சேமிக்கப்பட்டிருக்கும். சிக்கல் எங்கே வருகிறது என்றால், நிறுவித் தந்த கடைப் பையன் தன் சொந்த மின்னஞ்சலில் நுழைந்திருப்பான்; அவன் வேலையை விட்டுப் போயிருப்பான். எண் கிடைக்காவிட்டால் தரவு திரும்பாது. ஆகவே நிறுவல் உங்கள் கணக்கில்தான் நடக்க வேண்டும், அந்த எண்ணைத் தாளில் அச்சிட்டுக் கணக்குப் புத்தகங்களோடு வைக்க வேண்டும்.

முன்பைவிட மெதுவாகிவிட்டது போலிருக்கிறது.

முதல் ஓரிரு நாட்கள் பின்னணியில் கோப்புகளை அட்டவணைப்படுத்துவதும் புதுப்பிப்புகளை இறக்குவதும் நடக்கும், பொறுத்திருங்கள். பிறகும் மெதுவாக இருந்தால், டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதியைத் திறந்து தேவையற்றவற்றை அணையுங்கள். சுழலும் ஹார்ட் டிஸ்க் இருக்கும் கணினியில் இதெல்லாம் அரைகுறைத் தீர்வு, சுழலும் பாகமில்லாத எஸ்.எஸ்.டி. வட்டைப் பொருத்தினால்தான் வேறுபாடு தெரியும். 4 ஜிபி ரேம் காகிதத்தில் போதும், நடைமுறையில் 8 வேண்டும்.

வேலை நேரத்தில் கணினி தானாக மூடித் திறக்கிறது.

விண்டோஸ் அப்டேட் பகுதியில் ஆக்டிவ் ஹவர்ஸ் என்பதை உங்கள் கடை நேரத்துக்கு ஏற்ப அமையுங்கள். ரிட்டர்ன் தாக்கல் நெருக்கத்திலோ புயல் எச்சரிக்கை இருக்கும்போதோ புதுப்பிப்புகளை 5 வாரம் வரை நிறுத்தி வைக்கலாம்.

பிடிக்கவில்லை, பழையதற்கே திரும்பிவிடலாமா?

மேம்படுத்திய 10 நாட்களுக்குள் செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் ரெக்கவரி என்ற இடத்தில் கோ பேக் பொத்தான் இருக்கும். சொந்தக் கோப்புகள் இருக்கும். இடையில் நிறுவிய நிரல்கள் போய்விடும். இடம் வேண்டுமென்று டிஸ்க் கிளீனப்பில் பழைய விண்டோஸை அழித்துவிட்டாலோ, ஃபார்மட் செய்து நிறுவியிருந்தாலோ இந்த வழி இல்லை. வேலைப் பட்டியலில் உள்ள முக்கியமான ஒன்று நடக்கவே இல்லை என்றால் தயங்காமல் திரும்புங்கள். தோற்றம் பிடிக்கவில்லை என்பதற்காகத் திரும்பினால், சில மாதங்களில் இதே வேலையை இன்னொரு முறை செய்ய வேண்டியிருக்கும்.

விண்டோஸ் 11-ஐ ஏற்காத கணினியை என்ன செய்வது?

தட்டச்சு, உலாவல், காணொளி ஆகியவற்றுக்கு மட்டும் பயன்படும் கணினி என்றால் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவலாம். தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்குத் தந்த மடிக்கணினிகளில் மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸைப் பார்த்தவர்களுக்கு இந்த உலகம் முற்றிலும் புதிதாக இருக்காது. லினக்ஸில் தமிழ்99 தட்டச்சு நன்றாகவே நடக்கும். ஆனால் டேலியும் பேஜ்மேக்கரும் அதில் நேரடியாக இயங்கா. மின்கையொப்ப டோக்கனுக்கும் உறுதி சொல்ல முடியாது. அதனால் அலுவலகத்தின் முதன்மைக் கணினிக்கு இதைப் பரிந்துரைப்பதில்லை, வீட்டில் பிள்ளைகள் படிக்கும் கணினிக்குப் பரிந்துரைக்கிறோம். எதற்கும் ஆகாது என்று முடிவானால், பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடுவதற்கு முன் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி எடுத்துவிடுங்கள். கணினியை மின்கழிவு பெறும் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படையுங்கள்.